பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் தேவைக்கு மேல் பணம் கட்டிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஆசிரியர் கேட்டிருந்தார். வந்த கடிதங்களை மொத்தமாக என்னிடம் கொடுத்து, "நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்றார். ஏசி, ஃபிரிட்ஜ் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். கார், கம்ப்யூட்டர், போன் பற்றிய கேள்விகளுக்கு அந்தந்தத் தொழிலில் கைதேர்ந்த நண்பர்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரையும் அவர்கள் குறை சொல்லும் கடைகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டு ஏசியில் வருடா வருடம் கேஸ் இறங்கிவிடுகிறது என்று சொல்லி, ஒரே மெக்கானிக் வந்து ஏற்றிவிட்டுப் போகிறார். மீட்டரை மாட்டியும் காட்டுகிறார், முள் கீழேதான் நிற்கிறது. "ஏசின்னா அப்படித்தாம்மா, ஓட ஓடக் குறையும்" என்கிறார். இது உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: உண்மை இல்லை அம்மா. ஏசியில் இருக்கும் கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கம்ப்ரசரில் கிளம்பி, வெளியே இருக்கும் காயிலில் வெப்பத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் காயிலில் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. எல்லாம் செம்புக் குழாய்க்குள் அடைபட்ட சுற்று. கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் அதற்கு ஒரே காரணம்தான், எங்கோ லீக் இருக்கிறது. அந்த லீக்கைத் தேடாமல் மேலே மேலே ஏற்றிவிட்டுப் போகிறவர் அடுத்த வருட வருமானத்துக்கு வழி செய்துகொண்டு போகிறார்.

அந்த மீட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முள்ளைக் காட்டினால் யாரும் நம்பிவிடுவார்கள். அதில் தெரிவது கேஸின் அளவு இல்லை, பிரஷர். பிரஷர் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. உள்ளே இருக்கும் யூனிட்டின் ஃபில்டரில் தூசி அப்பிக்கொண்டால் காற்றோட்டம் குறையும். காற்று குறைந்தால் காயிலுக்கு வந்து சேரும் வெப்பமும் குறையும். உடனே சக்ஷன் பக்கத்துப் பிரஷர், அதாவது கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குழாயின் பிரஷர், தானாக இறங்கும். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றாமல் நேராக வெளியே போய் மீட்டரை மாட்டினால் முள் கீழேதான் நிற்கும், கேஸ் முழுசாக இருந்தாலும் நிற்கும். அந்த நிலையில் ஏற்றிய கேஸ், பிறகு யாராவது ஃபில்டரைக் கழுவியதும் அளவுக்கு மீறியதாகிவிடும். கம்ப்ரசருக்குச் சுமை, கரன்ட் பில்லும் ஏறும்.

இன்னொன்று, என்ன கேஸ் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. ஆர்22-இல் ஓடும் பழைய ஏசியில் சக்ஷன் பக்கம் 60, 70 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) இருந்தால் சரியான அளவு. ஆர்410ஏ, ஆர்32 ஏசிகளில் அது ஏறக்குறைய இரட்டிப்பு, 110-க்கு மேல் நிற்கும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் முள்ளும் ஏறி இறங்கும். எந்த நொடியில் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் என்பது அவர் கையில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? அடுத்த முறை அவர் வந்தால் முதலில் ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் குளிர்ச்சி இல்லை என்றால், "லீக் எங்கே என்று காட்டிவிட்டு கேஸ் போடுங்கள்" என்று சொல்லுங்கள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றிவருவதால் லீக் ஆகும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். வெளியே இருக்கும் யூனிட்டில் குழாய் வந்து சேரும் நட்டுகளை முதலில் பார்க்க வேண்டும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். அங்கே கிடைக்காவிட்டால் நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். லீக்கை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, யூனிட்டின் பெயர்ப் பலகையில் அச்சிட்டிருக்கும் எடைக்கு, தராசில் சிலிண்டரை வைத்து நிறுத்துத்தான் கேஸ் போட வேண்டும். ஆர்410ஏ என்பது ஆர்32, ஆர்125 என்ற இரண்டைப் பாதிக்குப் பாதி கலந்தது. அதைத் திரவமாகவே ஏற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக ஏற்றினால் கலவையின் விகிதம் மாறும். இந்த வேலைக்கு நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் இதில் எதையும் செய்யவில்லை என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

கேள்வி: ஏசி வெளி யூனிட்டில் 'ம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது. கம்ப்ரசர் போய்விட்டது, புது ஏசி வாங்குவதுதான் லாபம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: உடனே நம்பாதீர்கள். 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுபோகும் கம்ப்ரசரில் முதலில் பார்க்க வேண்டியது, அதைக் கிளப்பிவிட உதவும் கெபாசிட்டர். உருளையாக, கைக்குள் அடங்குகிற சாமான். கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. அதன் மேல் 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தால், மின் அளவு பார்க்கும் மீட்டரில் அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்குக்குள்தான் முன்னே பின்னே காட்டலாம். 22 காட்டினால் அது செத்துவிட்டது, கம்ப்ரசர் பிழைத்திருக்கிறது. நீங்களே கழற்றிப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள், ஸ்விட்சை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

கெபாசிட்டர் சரியாக இருந்தால்தான் கம்ப்ரசரின் வைண்டிங்கை, அதாவது மோட்டாரின் கம்பிச் சுற்றை, அளக்க வேண்டும். சாதாரண ஏசியில் காமன், ரன், ஸ்டார்ட் என்று மூன்று முனை. காமனிலிருந்து மற்ற இரண்டுக்கும் அளந்த ஓம்ஸை (மின்தடையை) கூட்டினால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே அளந்த ஓம்ஸ் வர வேண்டும். இன்வெர்ட்டர் என்றால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எந்த முனைக்கும் வெளி ஓட்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்ப்ரசர் கொதித்துக்கொண்டிருக்கும்போது அளந்தால், அதைக் காப்பாற்றுவதற்காக உள்ளே வைத்திருக்கும் ஓவர்லோட் ஸ்விட்ச் திறந்துகொண்டு, வைண்டிங்கே அறுந்துபோன மாதிரி காட்டும். ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். தெரியாமல் சொல்கிறவர்களும் உண்டு, தெரிந்தே சூடாக அளந்து காட்டுகிறவர்களும் உண்டு. ஆறவிட்டு அளக்கச் சொல்லுங்கள், அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: மகளின் லேப்டாப் ஆன் ஆகவில்லை. கடையில் கொடுத்தபோது, இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நானே சொன்னேன். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ரேம் எல்லாம் மாற்ற வேண்டும் என்று பெரிய எஸ்டிமேட் கொடுத்தார்கள். இன்னொருவர் ரேமை மட்டும் மாற்றி ஓடவைத்துவிட்டார். இன்சூரன்ஸ் என்றதால் ஏற்றிச் சொன்னார்களா?

பதில்: அப்படி நினைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ருடால்ஃப் கெர்ஷ்பாமரும் அவருடைய குழுவினரும் இதையே சோதித்துப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர்களில் ரேமை மட்டும் கெடுத்துவிட்டு, ரிப்பேர் கடைகளுக்கு அனுப்பினார்கள். சில கடைகளில் வெறுமனே கொடுத்தார்கள், மற்றவற்றில் பில்லை இன்சூரன்ஸ் கொடுத்துவிடும் என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னார்கள். கோளாறு ஒன்றுதான். இன்சூரன்ஸ் என்று கேள்விப்பட்ட கடைகளின் பில் சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. தேவையில்லாத ஸ்பேரை மாற்றியதிலும், செய்யாத நேரத்துக்கு லேபர் போட்டதிலும்தான் பெரும்பகுதி கூடுதல் வந்திருக்கிறது.

உங்கள் மகளின் லேப்டாப்புக்கு நடந்ததும் இதேபோலத்தான் தெரிகிறது. பணம் யார் கட்டுகிறார்கள் என்ற பேச்சை எஸ்டிமேட் கைக்கு வரும்வரை எடுக்காதீர்கள். கம்பெனி கட்டும், வீட்டு ஓனர் கட்டுவார் என்பதும் இதே கணக்குதான். பிறகு கிளெய்முக்கான தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "நம்ம காசா போகுது" என்று நாம் விட்டுவிடும்போது பிரீமியத்தில் அது எல்லோர் தலையிலும்தான் விடியும்.

மூன்று பாகம் ஒரே நேரத்தில் கெட்டுப்போனதாகச் சொன்னால், அப்படி ஆக என்ன காரணம் என்று கேளுங்கள். தண்ணீர் கொட்டியதா, கீழே விழுந்ததா, ஹை வோல்டேஜ் வந்ததா? ஏதாவது ஒரு காரணம் இருந்தால்தான் மூன்றும் சேர்ந்து போகும். இதற்குப் பதில் வராத எஸ்டிமேட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

கேள்வி: சர்வீஸுக்குக் காரை நான் தனியாகக் கொண்டுபோனால் ஒரு பில், என் கணவர் கொண்டுபோனால் ஒரு பில். போன வாரம் ஆயில் மாற்றக் கொடுத்த வண்டிக்கு, ஷாக் அப்சார்பர் ஒழுகுகிறது, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று பட்டியல் போட்டார்கள். பெண் என்பதால்தானா?

பதில்: உங்கள் சந்தேகம் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மேகன் பஸ்ஸி என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் ஆண்களையும் பெண்களையும் விட்டுக் கார் ஒர்க்‌ஷாப்களுக்குப் போன் செய்து, ஒரே ரேடியேட்டர் வேலைக்கு விலை கேட்கவைத்தார்கள். 2017-இல் வந்த ஆய்வு. "எவ்வளவு ஆகும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிற தொனியில் கேட்டபோது, ஆண்களுக்குச் சொன்னதைவிடப் பெண்களுக்குக் கூடுதல் விலை சொன்னார்கள். "இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டபோது அந்த வித்தியாசமே காணாமல் போய்விட்டது. அதிலேயே இன்னொரு தகவலும் உண்டு. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது, ஆண்கள் கேட்டதைவிடப் பெண்கள் கேட்டபோதுதான் அதிக இடங்களில் குறைக்கச் சம்மதித்தார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முன் இரண்டு இடத்தில் போன் போட்டு, வண்டியின் மாடலைச் சொல்லி, அந்த ஒரு வேலைக்கு என்ன ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கார் முழுவதையும் கற்க வேண்டாம். அந்த ஒரு எண் போதும்.

இப்போது உங்கள் ஷாக் அப்சார்பர். கார் வேலை செய்யும் நண்பர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஷாக் அப்சார்பர் உண்மையில் ஒழுகினால் எண்ணெய் நாள்பட மெல்ல மெல்லக் கசியும். ரோட்டுத் தூசி அதில் படிந்து, மேலிருந்து கீழாகக் கறுப்பு மண் பூசியது போல இறுகியிருக்கும். விரலால் சுரண்டினால் பொருக்காக வரும். எண்ணெய் பளபளவென்று புதிதாக, தூசியே இல்லாமல், அதுவும் வெளியே தெரிகிற பக்கம் மட்டும் இருந்தால், அது கொஞ்ச நேரத்துக்கு முன் யாரோ ஸ்ப்ரே செய்ததாக இருக்கலாம். துணியால் சுத்தமாகத் துடைக்கச் சொல்லுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். உண்மையான ஒழுகல் திரும்ப வரும். வண்டியைக் கொடுப்பதற்கு முன்பே நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிரேக் பேட் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். "தேய்ந்துவிட்டது" என்று சொன்னால், "எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?" என்று கேளுங்கள். 6 என்றால் இன்னும் ஓடும். 3 என்றால் தயங்காமல் மாற்றிவிடுங்கள், பிரேக்கில் சிக்கனம் கூடாது. ஏர் ஃபில்டர் அழுக்கு என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அது உங்கள் வண்டியிலிருந்துதான் வந்ததா என்று எழுந்துபோய்ப் பாருங்கள். எல்லா வண்டிக்காரருக்கும் காட்டுவதற்கென்றே ஒரு அழுக்கு ஃபில்டரை வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

இது ஏதோ சின்னக் கடைகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். 1992-இல் கலிபோர்னியா அரசின் கார் ரிப்பேர் கண்காணிப்புத் துறை, சாதாரண வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி, சியர்ஸ் என்ற மிகப் பெரிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்களைச் சோதித்தது. தேவையே இல்லாத வேலைகளை விற்கிறார்கள் என்று குற்றம் சாட்டியது. அங்கே வாடிக்கையாளரிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர்களுக்குக் கமிஷன் வைத்திருந்தார்கள், இத்தனை பிரேக் வேலை, இத்தனை ஷாக் அப்சார்பர் என்று கோட்டாவும் கொடுத்திருந்தார்கள். விவகாரம் வெடித்த பிறகு அந்தக் கமிஷன் முறையை நிறுத்தினார்கள். உங்களோடு கவுன்டரில் பேசுகிறவர் வண்டிக்கு அடியில் படுக்கிறவர் இல்லை. வேலை செய்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

கலிபோர்னியா சட்டத்தில் இதற்கெல்லாம் விதியே உண்டு. முதலில் எழுத்தில் எஸ்டிமேட், அதற்கு மேல் போனால் வாடிக்கையாளரின் சம்மதம், வேலை கொடுக்கும்போதே கேட்டால் கழற்றிய பழைய பாகம் திரும்பக் கையில். சட்டம் இருக்கிற இடத்திலும் இல்லாத இடத்திலும் இந்த மூன்றையும் நாம் வாய்விட்டுக் கேட்கலாம். வண்டியை விடும்போதே கேட்க வேண்டும், பில் வந்த பிறகு கேட்டால் "குப்பையில் போட்டாச்சே" என்பதுதான் பதிலாக இருக்கும்.

கேள்வி: நானும் மெக்கானிக்தான் ஐயா. எங்களை எல்லோரும் திருடன் என்கிறார்கள். போன மாதம் ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். கீழே இருக்கும் பம்ப் ஃபில்டரைத் திறந்தேன். ஒரு நாணயமும் ஒரு சாக்ஸும் அடைத்திருந்தன. எடுத்துவிட்டேன், ஓடியது. "அஞ்சு நிமிஷ வேலை, பார்ட் எதுவும் போடலையே, எதுக்குக் காசு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் கொடுத்திருப்பார். நேர்மையாக இருந்து எனக்கு என்ன கிடைத்தது?

பதில்: தம்பி, வந்த கடிதங்களிலேயே என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். இதைப் படிக்கிற வாடிக்கையாளர்களும் சேர்த்தே கேட்கட்டும்.

ரிப்பேர் தொழிலில் இருக்கும் அடிப்படைச் சிக்கலே இதுதான். என்ன கோளாறு என்று சொல்கிறவரும், அதைச் சரிசெய்து காசு வாங்குகிறவரும் ஒரே ஆள். மருந்து எழுதிக்கொடுப்பவரே மருந்துக்கடையும் வைத்திருப்பது போலத்தான். வேலை முடிந்து மெஷின் ஓடினாலும்கூட, அந்த போர்டு மாற்றியே ஆக வேண்டியிருந்ததா என்பது வாடிக்கையாளருக்குக் கடைசிவரை தெரியாது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். வாங்கி அனுபவித்த பிறகும் தரத்தை எடைபோட முடியாத சேவைகள், விற்பவரை நம்பித்தான் வாங்கியாக வேண்டிய சேவைகள் என்று இவற்றைத் தனி வகையாகவே பிரித்தார்கள். விலையை நான்கு கடையில் விசாரிக்கலாம், கோளாறை எப்படி விசாரிப்பது? அதனால்தான் ஏமாற்றுகிறவர்கள் விலையில் கை வைப்பதைவிடக் கோளாறில்தான் கை வைக்கிறார்கள்.

இதில் நம் பங்கு என்ன? பார்த்துச் சொல்வதற்குக் கூலி கொடுக்க மாட்டோம் என்கிறோம். 'இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்' என்ற போர்டைத் தேடிப் போகிறோம். இலவசமாகப் பார்ப்பவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. "ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் வெறுங்கையோடு போக வேண்டும். ஏதாவது ஒரு பார்ட்டை மாற்றினால்தான் அவருக்குக் கூலி. பொய் சொல்பவருக்குச் சம்பளமும் உண்மை சொல்பவருக்கு வெறும் நன்றியும் என்ற ஏற்பாட்டை நாமே வைத்திருக்கிறோம். வெகுகாலமாக இதை நான் பார்த்துப் பொருமியிருக்கிறேன்.

ஐந்து நிமிட வேலை என்றாரே அவர், போர்டையோ மோட்டாரையோ தொடாமல் நேராக ஃபில்டருக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள நீங்கள் எத்தனை மெஷினைத் திறந்திருக்க வேண்டும்? கூலி அந்தத் தெளிவுக்குத்தான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குள் நுழையும் முன்பே, போனிலேயே, "வந்து பார்த்துச் சொல்வதற்கு இவ்வளவு, கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்டு" என்று சொல்லிவிடுங்கள். சிலர் போனை வைத்துவிடுவார்கள், விடுங்கள். வேலை முடிந்ததும் பில்லில் என்ன பார்த்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் எழுதுவேன்: 'கெபாசிட்டரில் அச்சிட்டது 36, அளந்தது 21, மாற்றியாச்சு' என்று. 'பம்ப் ஃபில்டரில் அடைப்பு, எடுத்தாச்சு, மோட்டார், போர்டு நலம்' என்று நீங்கள் எழுதிக்கொடுத்திருந்தால், அந்தத் தாளுக்குக் காசு கொடுக்க அவருக்கு இவ்வளவு கசந்திருக்காது.

எல்லோரும் திருடர் என்பதும் பொய். 1941-இல் அமெரிக்காவில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ், காரில் எஞ்சினைப் பற்றவைக்கும் காயிலின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, நாடு முழுவதும் 347 கராஜ்களுக்கு அனுப்பிப் பார்த்தது. ஒயரை மாட்டிவிட்டாலே சரியாகிற கோளாறு. 218 இடங்களில் தில்லுமுல்லு நடந்தது. செய்யாத வேலைக்குக் காசு வாங்கினார்கள், தேவையில்லாத பாகத்தை மாற்றினார்கள். அந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மீதி 129 பேர். ஒயரைப் பார்த்ததும் மாட்டிவிட்டு, சும்மாவோ பெயருக்கு ஏதோ வாங்கிக்கொண்டோ அனுப்பிவைத்திருக்கிறார்கள். வந்தவர் யார் என்று தெரியாது, திரும்ப வருவாரா என்றும் தெரியாது, ஏமாற்றினால் கண்டுபிடிக்க ஆளும் இல்லை என்ற நிலையில் அப்படி நடந்துகொண்டவர்கள். வாசகர்களே, அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கூலியைக் கொடுங்கள், அவர் நம்பரை நாலு பேருக்குக் கொடுங்கள்.

கேள்வி: போனில் டிஸ்ப்ளே உடைந்து மாற்றினேன். ஒரிஜினல் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் போனில் வந்தது ஓஎல்இடி திரை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். முழுக்கக் கறுப்பான ஒரு படத்தைத் திரை முழுக்க வைத்து, வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, இருட்டறைக்குப் போங்கள். ஓஎல்இடியில் கறுப்பு இருக்கும் இடத்தில் ஒளியே வராது, திரை எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது. மலிவான எல்சிடி போட்டிருந்தால் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிரும், ஓரங்களில் இன்னும் நன்றாகத் தெரியும். புதிய ஐபோன் என்றால் செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதில் 'அபௌட்' போய்ப் பாருங்கள். ஐஓஎஸ் 15.2 முதல், மாற்றிய பாகம் ஆப்பிளுடையதுதானா என்பதை மாடலைப் பொறுத்து அங்கே காட்டும்.

மாற்றுத் திரை போடுவது குற்றம் இல்லை, அதற்குரிய விலையை வாங்கினால். ஒரிஜினல் விலையை வாங்கிக்கொண்டு அதைப் போடுவதுதான் மோசடி. பில்லில் 'டிஸ்ப்ளே' என்று மட்டும் எழுதாமல், ஒரிஜினலா மாற்றா என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், டிஸ்ப்ளே மாற்றக் கடைக்காரருக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை. சாம்சங் போன்களில் மெயின்டெனன்ஸ் மோட், பிக்சல் போன்களில் ரிப்பேர் மோட் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது.

கேள்வி: வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவு பூட்டிக்கொண்டது. இணையத்தில் தேடிக் கூப்பிட்ட ஆள் போனில் சொன்னது சிறு தொகை. வந்ததும், "இது ஹை செக்யூரிட்டி பூட்டு, டிரில் போட்டுத்தான் திறக்கணும்" என்று உடைத்து, புதுப் பூட்டும் போட்டுப் பல மடங்கு வாங்கிவிட்டார். உண்மையிலேயே டிரில் தேவைதானா?

பதில்: பெரும்பாலும் தேவை இருக்காது. கதவு வெறுமனே சாத்திக்கொண்டிருந்தால், தொழில் தெரிந்தவர் பூட்டுக்குச் சேதம் இல்லாமல் திறப்பார். சாவி போட்டு இழுத்துப் பூட்டியிருந்தாலும் முதலில் கம்பிகளை வைத்துத்தான் முயல்வார். டிரில் கடைசி வழி. வந்ததும் டிரில்லை எடுக்கிறவருக்கு ஒன்று வேலை தெரியாது, அல்லது புதுப் பூட்டு விற்பதுதான் நோக்கம். பல நாடுகளில் இதே பாணியில் நடக்கிற ஏமாற்று இது. போனில் குறைந்த விலை, வாசலில் வேறு விலை. இருட்டில் வெளியே நிற்கிற ஆள் பேரம் பேச மாட்டார் என்ற கணக்குதான்.

போனில் விலை கேட்கும்போது, "வருவதற்கு, திறப்பதற்கு, எல்லாம் சேர்த்து எவ்வளவு? டிரில் போட வேண்டி வந்தால் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவர் வர வேண்டாம். வந்த பிறகு தொகை மாறினால், பூட்டில் கை வைப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள். முடிந்தால் நிதானமாக இருக்கிற ஒரு நாளில் நல்ல பூட்டுக்காரர் ஒருவரை விசாரித்து, நம்பரைப் போனில் சேமித்து வையுங்கள். வீட்டில் எல்லோர் போனிலும் அது இருக்கட்டும்.